மடிப்பு சைக்கிள்: நெளிவு வேறு, ஆட்டம் வேறு

பெங்களூரு அல்சூரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 2022-இல் நம்ம மெட்ரோவின் கடைசிப் பெட்டியில் மடித்த சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. அதிலிருந்து என்னிடம் வரும் மடிப்பு சைக்கிள்கள் கூடிவிட்டன. வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: "அண்ணா, மேடு ஏறும்போது வண்டி தொளதொளன்னு இருக்கு. ஃபிரேம் சரியில்லையோ, வித்துடலாமா?"

சாதாரண சைக்கிளின் ஃபிரேம் முக்கோணமாகக் கட்டியது. மிதிக்கிற பலத்தைக் குழாய்கள் இழுத்தும் தாங்கியும் பங்கு போட்டுக்கொள்ளும். மடிப்பு சைக்கிளில் பெரும்பாலும் ஒரே பெரிய குழாய், அதையும் நடுவில் வெட்டி கீல் வைத்திருக்கிறார்கள். வளைவது, முறுக்குவது எல்லாம் அந்த ஒரு குழாயின் தலையில்தான். டஹோன் கம்பெனி சில மாடல்களில் குழாய்க்கு அடியில் ஓர் இழுகம்பி கட்டுவது, விட்டுப்போன அந்த முக்கோணத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அலுமினியக் குழாயை இவ்வளவு பருமனாகப் போடுகிறார்கள். குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், சுவர் கனம் அப்படியே இருந்தாலும், விறைப்பு சுமார் 8 மடங்கு கூடும்.

ஆனாலும் இது கொஞ்சம் நெளியத்தான் செய்யும். சக்கரம் சிறிது என்பதால் ஹேண்டில் தண்டும் சீட் போஸ்ட்டும் நீளம். எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதித்தால் அந்த நீளமே நெம்புகோலாகி எல்லாவற்றையும் முறுக்கும். உட்கார்ந்தபடி கியரைக் குறைத்து மிதியுங்கள். நெளிந்த உலோகம் ஸ்பிரிங் மாதிரி திரும்ப நிமிர்ந்துவிடும். அதில் வீணாகும் பலம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. டயரில் காற்று குறைந்திருந்தால் போகிற பலத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நான் பயப்படுவது நெளிவுக்கு இல்லை, ஆட்டத்துக்கு.

போன மாதம் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகும் கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் வந்தார். கீலின் லீவரை ஒரு விரலால் திறந்தார், ஒரு விரலால் மூடினார். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லி, கீல் மூடும் இணைப்பின் மேல் அவர் விரலையே வைத்தேன். இரண்டு பாதியும் தனித்தனியாக அசைவது விரலுக்குத் தெரிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே அலுமினியத் தூளும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து கரும்பசையாக அப்பியிருந்தது. துணியால் துடைத்து, சரிசெய்யும் நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினேன். லீவர் பாதி வழியில் எதிர்க்கத் தொடங்கி, மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அதுக்கு மேல் முறுக்கக் கூடாது, லீவரின் அச்சாணி விரிசல் விடும். ஏரியைச் சுற்றி வந்தவர், "வேற வண்டி மாதிரி இருக்குண்ணா" என்றார். ஃபிரேம் அதே ஃபிரேம்தான்.

ஹேண்டில் தண்டின் அடிக்கீலுக்கும் இதே சோதனை. அங்கே ஆட்டம் இருந்து பிரேக் போட்டால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை பாருங்கள், இரண்டு நிமிடம் போதும். சீட் போஸ்ட் குறைந்தது எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியக் கூடாது. பல மாடல்கள் தாங்கும் எடை 105, 110 கிலோ அளவில்தான். லேப்டாப் பையும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆட்டத்தோடு மாதக்கணக்கில் ஓட்டினால் ஒவ்வொரு குழியும் கீலின் ஓரத்து வெல்டிங்கை அடிக்கும். இரும்பு ஓர் அளவுக்குக் கீழான அடிகளை எத்தனை தடவையானாலும் பொறுக்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சின்ன அடிகளும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு அக்கா கொண்டுவந்த வண்டியில் வெல்டிங்கை ஒட்டி முடி மாதிரி ஒரு கோடு. பெயின்ட் கீறல் என்று இருந்துவிட்டார். துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன், நகம் மாட்டியது. "தெருமுனையில வெல்டிங் வெச்சுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பதம் ஏற்றிய அலுமினியத்தில் மறுபடி சூடு பட்டால், பட்ட இடத்தைச் சுற்றி பலம் இறங்கிவிடும். அன்று அவர் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.