ஆர்சிசிபி கட்டாயம்னு சொன்னவங்க எர்த்தை பத்தி ஏன் கேக்கல?

தமிழ்நாட்டுல புது கரண்ட் கனெக்ஷன் வாங்கணும்னா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அதாவது நாம கடையில ஆர்சிசிபின்னு கேட்டு வாங்குற, கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், மாட்டியிருக்கணும்னு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ரூல் போட்டு சில வருஷம் ஆயிடுச்சு. ரூல் நல்ல ரூல், அதுல எனக்கு மாத்துக்கருத்தே கிடையாது. வயரிங் வேலை பாக்குறவன் எவனும் அதை வேணாம்னு சொல்ல மாட்டான். ஆனா வீட்டுக்குள்ள ஓடுற வயரை நேர்ல ஒண்ணும் செக் பண்ணாம, வாசல்ல ஒரு பெட்டியை மட்டும் மாட்ட சொல்லிட்டு போனதுனால என்ன நடக்குதுன்னு தினம் பாக்குறவன் நான், அந்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதுறேன்.

மழை சீசன் வந்தாலே போன் வரும். "அண்ணே, ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது, லீவரை தூக்கி விட்டா விழுது, வந்து அதை கழட்டிட்டு டைரக்டா குடுத்துடுங்க." நான் முடியாதுன்னு சொல்லிடுவேன். ஆனா நான் மாட்டேன்னா இன்னொருத்தர் வந்து ரெண்டு துண்டு வயரை போட்டு பைபாஸ் பண்ணிட்டு போயிடுவாரு, பத்து நிமிஷ வேலை. பெட்டி அங்கயே இருக்கும், பாக்குறதுக்கு ரூல் படி இருக்கும், உயிரை காப்பாத்தாது.

முதல்ல அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. பேஸ்ல எவ்வளவு கரண்ட் உள்ள போகுதோ அவ்வளவும் நியூட்ரல் வழியா திரும்பி வரணும், இதை ஒரு வளையம் மாதிரி காயில் கவனிச்சுகிட்டே இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை தொட்டா 0.3 செகண்டுக்குள்ள கட் பண்ணிடும், லீக்கேஜ் அதிகமானா இன்னும் சீக்கிரம். லோடு அதிகமானா விழுற நம்ம எம்சிபி 16 ஆம்பியர்னா 16,000 மில்லி ஆம்பியர், ஒரு ஆளோட உயிர் போக அதுல நூத்துல ஒரு பங்கு கூட வேணாம், அதனால மனுஷனுக்கு ஷாக் அடிச்சா எம்சிபிக்கு எதுவும் தெரியாது, அது வயர் எரியாம இருக்கத்தான். ஆர்சிசிபி மனுஷனுக்கு. ஆனா ஒரு கையால பேஸையும் இன்னொரு கையால நியூட்ரலையும் பிடிச்சா ஆர்சிசிபியும் காப்பாத்தாது, ஏன்னா போன கரண்ட் அப்படியே திரும்பி வருது, வித்தியாசமே இல்ல. இதை யாரும் ஜனங்ககிட்ட சொல்றதில்ல.

இப்ப ஏன் விழுதுன்னு பாப்போம். பழைய வீட்டுல கான்சீல்டு பைப்புக்குள்ள தண்ணி இறங்கி வயர் இன்சுலேஷன் செத்துப்போயிருக்கும். இல்லன்னா ஹீட்டர் காயில்ல ஊசி அளவு ஓட்டை. மாடிக்கு போன லைட்டுக்கு பேஸ் ஆர்சிசிபிக்கு பின்னாடி இருந்தும் நியூட்ரல் அந்த ஆர்சிசிபிக்கு வெளிய இருந்தும் எடுத்திருப்பாங்க. இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் நியூட்ரலை எங்கயோ ஒண்ணா சேர்த்திருப்பாரு, இதுதான் நான் அதிகமா பாக்குறது, கரண்ட் போயி வந்தா உடனே விழுதுன்னா முதல்ல இதை பாருங்க. இது எதுவுமே இல்லன்னாலும், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், டிவி, எல்ஈடி டிரைவர் எல்லாத்துக்குள்ளயும் கரண்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்டுற பில்டர் இருக்கு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்கு, அதாவது மண்ணுக்கு போற பாதுகாப்பு வயருக்கு, கசிய விடும். 30ன்னு போட்டிருக்குற ஆர்சிசிபி 15ஐ தாண்டினாலே விழலாம், ஸ்டாண்டர்டே அப்படித்தான். மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபின்னா எல்லா கசிவும் ஒண்ணா சேர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டையே இருட்டாக்கிடும், பிரிட்ஜ்ல இருக்குறது கெட்டுப்போகும், அடுத்த நாள் காலைல வீட்டுக்காரர் ஆர்சிசிபிக்கு வைரியாயிடுவாரு.

என் கோபம் இங்கதான். வாசல்ல ஒண்ணு போதும்னு நிறுத்தாம, பாத்ரூம் ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார் இதுக்கு ஒரு ஆர்சிசிபி, மத்த ரூமுக்கு ஒண்ணு, பிரிட்ஜுக்கு தனியா ஒரு ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒண்ணா சேர்ந்தது)ன்னு பிரிக்க சொல்லியிருந்தா, கூட ஆகுற செலவு சில ஆயிரம் ரூபா. இருபது முப்பது லட்சம் போட்டு வீடு கட்டுறவங்க டைல்ஸுக்கு அதை விட அதிகமா மாத்தி மாத்தி செலவு பண்றாங்க. அதை விட முக்கியம், கனெக்ஷன் குடுக்குறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெக்கர்ங்கிற இன்சுலேஷன் அளக்குற மீட்டர் வச்சு இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்கு மேல இருக்கான்னும், எர்த் ராடு நிஜமாவே மண்ணுல இருக்கான்னும் அளந்து அந்த ரீடிங்கை வீட்டுக்காரர் கையில குடுக்கணும். பேப்பர்ல இதெல்லாம் இருக்கு. சைட்ல மெக்கரை கண்ணால பாத்த வீட்டுக்காரங்க எத்தனை பேர்?

எர்த் இல்லாத வீட்டுல ஆர்சிசிபி வேலை செய்யும், செய்யாதுன்னு சில பேர் சொல்றது தப்பு. ஆனா எர்த் இருந்தா அயர்ன் பாக்ஸ் பாடியில கரண்ட் வந்த உடனே, நீங்க தொடுறதுக்கு முன்னாடியே விழுந்துடும். எர்த் இல்லன்னா நீங்க தொட்ட பிறகுதான் விழும், அந்த ஒரு அடியை உங்க உடம்பு வாங்கணும். அதுலயும் கொடுமை, எர்த் வயர் இல்லன்னு மூணு பின் சாக்கெட்ல நியூட்ரலை எடுத்து எர்த் பின்ல லூப் பண்றது. நியூட்ரல் எங்கயாவது கட் ஆச்சுன்னா பிரிட்ஜ் கதவுலயே 230 வோல்ட் நிக்கும். தயவு செஞ்சு உங்க வீட்டு சாக்கெட்டை ஒரு தடவை எலக்ட்ரீஷியனை கழட்டி பாக்க சொல்லுங்க.

வாட்டர் ஹீட்டர் ராடுக்கும் இதே கதைதான், ரூல் பேப்பர்ல மட்டும். தண்ணிக்குள்ள முக்குற ராடு, அயர்ன் பாக்ஸ், வயர், சுவிட்ச், எம்சிபி, ஆர்சிசிபி எல்லாத்துக்கும் ஐஎஸ்ஐ கட்டாயம்னு மத்திய அரசு 2003லயே ஆர்டர் போட்டாச்சு. ஆனா மார்கழி குளிர்ல எந்த பஜாருக்கு வேணா போங்க, முத்திரையே இல்லாத ராடு தொங்கும். ஒழுங்கா லைசென்ஸ் எடுத்து விக்கிற சின்ன கம்பெனிக்காரர் பீஸும் டெஸ்ட் செலவும் கட்டிட்டு, இந்த முத்திரையில்லாத ராடு அளவுக்கு விலையை குறைக்க முடியாம நிக்கிறாரு. ரூலை மதிக்கிறவனுக்குத்தான் அதோட பாரம் எல்லாம். வாங்குறப்போ ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ சிஎம்/எல்னு ஒரு நம்பர் இருக்கும், முத்திரை குடுக்குற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர்னு ஆப் இருக்கு, அதுல போட்டா யாரோட லைசென்ஸ், இன்னும் செல்லுமான்னு காட்டிடும். நம்பரே இல்லன்னா அந்த ராடை வாங்காதீங்க.

இன்னிக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. ஆர்சிசிபியில 'T'ன்னு போட்டு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. வீடு மொத்தமும் கரண்ட் போகணும். போகலன்னா ஒண்ணு யாரோ பைபாஸ் பண்ணியிருக்காங்க, இல்ல உள்ள மெக்கானிசம் செத்துப்போச்சு, ரெண்டுல எதுவா இருந்தாலும் அன்னிக்கே ஆளை கூப்பிடுங்க. மாசம் ஒரு தடவை இதை பண்ணுங்க. வாடகை வீடுன்னா குடி போறதுக்கு முன்னாடியே அழுத்தி பாருங்க, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது, அப்பதான் ஹவுஸ் ஓனர் மாத்தி குடுப்பாரு.