கிரவுண்டு என்பது எந்த ஊர் அளவு?

சென்னையிலும் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கமும் வீட்டு நிலத்தை ‘ஒரு கிரவுண்டு’, ‘அரை கிரவுண்டு’ என்றுதான் பேசுவார்கள். மதுரைக்கோ கோவைக்கோ போனால் பேச்சு சென்ட்டுக்கு மாறிவிடும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 60 அடிக்கு 40 அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்தான் ஆங்கிலம், அளவு நம்முடையது. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி: 57,600 சதுர அடி. அதை 24 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மனை, 2,400 சதுர அடி. சென்னை ராஜதானியில் ஆங்கிலேயர்கள் காணியைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டார்கள். மனையை மட்டும் ‘கிரவுண்ட்’ ஆக்கினார்கள். (தஞ்சாவூர்க் குழி வேறு. அது 12க்கு 12, வெறும் 144 சதுர அடி. 100 குழி அங்கே ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட்.)

ஆக, கிரவுண்டுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை. மனை என்றால் வீடு, வீடு கட்டும் இடம். மனைவி, மனையறம் எல்லாம் அதன் வழி வந்தவை. சிக்கல் ஒன்றுதான்: இன்று 600 சதுர அடித் துண்டும் ‘மனை’ என்றே விற்பனைக்கு வருகிறது. அதனால் அளவாக எழுதும்போது ‘ஒரு மனை (2,400 சதுர அடி)’ என்று எண்ணையும் சேர்த்து எழுதுவதே சரி.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஒரு கிரவுண்டு 5.51 சென்ட். ஏக்கருக்கு 18 கிரவுண்டு என்பது வாய்க்கணக்கு; உண்மையில் 18.15. அந்தப் புள்ளிக்குப் பின்னால் 360 சதுர அடி இருக்கிறது, ஒரு கார் ஷெட்டும் மாடிப்படியும் போடுகிற இடம்.

பலர் தடுமாறுவது பட்டாவில். கிராமப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர். 100 சதுர மீட்டர் ஓர் ஏர். எனவே அங்கே ‘0 - 2.23’ என்று நிற்கும். இதைச் சென்ட் என்று வாசித்தவர், ‘971 சதுர அடிதானா!’ என்று பதறுவார். ஏரை 2.47ஆல் பெருக்கினால் சென்ட் வரும்: 2.23 ஏர், அதே 5.51 சென்ட்.