வியட்நாம் போகிறீர்களா? கூரைக்கு அடியில் பாருங்கள்

வியட்நாம் போய் வருகிறவர்கள் இப்போது அதிகம். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் அவர்கள் எடுத்த படங்கள் எனக்கும் வந்து சேரும். கூடவே இரண்டில் ஒரு வாசகமும் வரும். ஹனோய், ஹுவே படமென்றால் "அப்படியே சைனா காப்பி". நடு வியட்நாமில் மீ சன் என்ற இடத்திலுள்ள பழைய செங்கல் கோயில்களின் படமென்றால் "நம்ம சோழர்கள் கட்டியது". இரண்டும் தவறு. வெறும் வரலாற்றுப் பிழையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கட்டடத்தை எதன் நகல் என்று நினைக்கிறோமோ, அதன்படிதான் அதில் கைவைக்கவும் செய்கிறோம். சேதம் அங்கே தொடங்குகிறது.

மீ சன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன், அந்தப் பகுதியை ஆண்ட சாம் இனத்தவன், அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்தான். தஞ்சையில் பிற்காலச் சோழர் தலையெடுக்க இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. தென்னிந்தியாவோடு தொடர்பு உண்மை. சாம் எழுத்துமுறையே நம் பக்கத்து எழுத்துமுறையிலிருந்து கிளைத்தது. சிவன், லிங்கம், சமஸ்கிருதக் கல்வெட்டு எல்லாம் கடல் வழி போனவை. ஞா சாங் அருகே வோ கான் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீ மாறன்' ஒரு பாண்டியன் என்று சுற்றும் செய்திக்கு மட்டும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. கட்டியவர்கள் சாம் மக்கள், கட்டிய விதமும் அவர்களுடையது. நாம் கல்லைச் செதுக்கி அடுக்குவோம். அவர்கள் செங்கல் சுவரை எழுப்பி முடித்த பிறகு அந்தச் சுவரிலேயே சிற்பம் செதுக்கினார்கள். இணைப்பு தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்கும் செங்கற்கள். 2003 முதல் 2013 வரை அங்கே 'ஜி' என்று குறிக்கப்படும் கோயில் தொகுதியைச் சீரமைத்த இத்தாலிய, வியட்நாமியக் குழு, உள்ளூர் மரப்பிசின் சேர்த்த சாந்தையே பயன்படுத்தியது. காரணம் எளிது. இப்படிப்பட்ட சுவரில் சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழி தேடிப் பழைய செங்கல் வழியாகவே வரும், உப்பு பூக்கும், செங்கல் மாவாக உதிரும். சிமென்ட் அப்படியே நிற்கும்.

இனி வடக்கே. சீனா ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆண்ட மண் அது. நடு அச்சில் சமச்சீராக அமைத்தல், மனை பார்த்தல், ஓடு, டிராகன் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அதை மறுக்க எதுவும் இல்லை. ஆனால் ஹனோய்க்கு வெளியே, பாக் நின் பக்கம், டிங் பாங் ஊரின் பொதுமண்டபத்துக்கு ஒருமுறை போங்கள். 1736-இல் முடிந்த கட்டடம். முகப்பைப் பார்த்தால் மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூரைதான். மூலைகள் மட்டும் கப்பல் முனைபோல மேலே வளைகின்றன. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். சீனக் கோயில்களில் தூண் தலைமேல் சிறு மரத்துண்டுகளை அடுக்கடுக்காகக் கோத்து இறவாரத்தைத் தாங்குவார்கள். இங்கே அது கிடையாது. உள்தூணிலிருந்து ஒரு கனத்த சாய்வுச் சட்டம் வெளித்தூணைத் தாண்டி நீண்டு, இறவாரம் முழுவதையும் ஏந்துகிறது. தரையைப் பாருங்கள்: மரப்பலகைத் தளம், மண்ணிலிருந்து உயர்த்திக் கட்டியது. தோங் சன் என்ற பழங்காலப் பண்பாட்டின் வெண்கல முரசுகளில் கால்மேல் நிற்கும் வீடு வார்க்கப்பட்டிருக்கிறதே, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. சீனப் படைகள் வருவதற்கு முந்தையது.

தூண்கள் மண்ணில் புதைவதில்லை, கல் பீடத்தின் மேல் சும்மா நிற்கின்றன. ஆணி இல்லை, துளையும் கழுந்தும் ஆப்பும்தான். இதைப் பார்த்துப் பயந்து தூணுக்கடியில் கான்கிரீட் போட்டு இறுக்கச் சொல்லும் பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஓட்டின் பாரம்தான் அந்தச் சட்டகத்தைக் கீழே அழுத்திப் புயலில் பிடித்துவைக்கிறது. தூணின் அடி காற்றில் இருப்பதால்தான் அது உலர்கிறது. கரையான் ஏறினாலும் கண்ணில் படுகிறது. கான்கிரீட்டில் புதைத்த தூணடி உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே தெரியாது.

வடக்கத்தித் தச்சர்களிடம் இரண்டு அளவுகோல் உண்டு. கதவு, நிலைக்கு லோ பான் கோல்: நம் மனையடி சாஸ்திரம்போல நல்ல அளவு, கெட்ட அளவு சொல்லும், அது சீனத்துச் சரக்கு. வீட்டின் சட்டகத்துக்கோ ஒரு மூங்கில் கழி. அந்த ஒரு வீட்டின் எல்லா அளவுகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கூரைக்கடியில் செருகிவைத்துவிடுவார்கள். வரைபடம், பத்திரம், காப்பு மூன்றும் அதுதான். பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் முதலில் குப்பையில் போடுவதும் அந்தக் கழியைத்தான்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட வியட்நாமில் 'நோம்' என்று ஒரு பருவம். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து, குளிர்ந்து கிடக்கும் தரையில் பட்டு நீராகப் படியும். பாட் சாங் சூளைகளின் மெருகில்லாத சுட்டமண் தளக்கல் அந்த நீரைக் குடித்துவைத்து வெயிலில் விடும். அதைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் டைல்ஸ் போட்டவர்கள் அந்த மாதங்களில் நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழுக்கி விழும் பெரியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹுவே கோட்டைக்கு வருவோம். 1805-இல் தொடங்கி 1832-இல் முடிந்தது. மதிலின் கோண வடிவம் வோபான் என்ற பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளரின் முறை, உள்ளே அரண்மனை அடுக்கு பெய்ஜிங் மாதிரி. பிரான்ஸ் வியட்நாமைப் பிடிப்பதற்கு முன்பே அந்த மதில் எழுந்துவிட்டது. ஜியா லாங் அரசர் தானே தேர்ந்தெடுத்த இரவல். ஆனால் தாய் ஹோவா அரியணை மண்டபத்தை மேலிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். பெரிய ஒரே கூரை இல்லை. தாழ்வான இரண்டு கூரைகள் அடுத்தடுத்து. மண்டபம் அகலமாக வேண்டும், முகடு உயரக்கூடாது. உயர்ந்தால் நடு வியட்நாமின் புயல் பெயர்த்துவிடும். இதற்கு அவர்கள் கொடுத்த விலை, இரண்டு கூரைக்கும் நடுவே மழைநீர் ஓடும் தாரை. இந்த மாதிரிக் கட்டடம் எதை எடுத்தாலும் ஒழுகல் அங்கேதான் ஆரம்பம், மரம் இற்றுப்போவதும் அதற்கடியில்தான். 2021 முதல் 2024 வரை அந்த மண்டபத்தைப் பிரித்துச் செப்பனிட்டார்கள். 80 தூண்களில் தங்க டிராகன் மினுக்குவதைப் படம் பிடிக்கிறவர்கள், தலைக்குமேல் இரண்டு கூரையும் சேரும் வளைந்த மேற்தளத்தைக் கவனிப்பதே இல்லை.

கடைசியாக ஹோய் ஆன் நகரத்தின் ஜப்பானியப் பாலம், கூரை போட்ட பழைய பாலம். பழுதுபார்த்து 2024 ஆகஸ்ட் 3 அன்று திறந்தபோது, "புதுசா பெயிண்ட் அடிச்சுக் கெடுத்துட்டாங்க" என்று இணையத்தில் ஒரே ரகளை. இற்றுப்போன மரத்தை மாற்றினால் புது மரம் புதிதாகத்தான் தெரியும். சில மழைக்காலம் போனால் நிறம் தானாக இறங்கும். இதைவிடப் பெரிய கேடு முன்பே நடந்தது: பிரெஞ்சுக்காரர்கள் மோட்டார் வண்டி போவதற்காகப் பாலத்தின் வளைவையே சமப்படுத்தினார்கள். 1986 சீரமைப்பில்தான் அந்த வளைவு திரும்ப வந்தது. அந்தத் தட்டைப் பாலத்தின் படத்தைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, நிறம் பழசாக இருந்ததல்லவா! அடுத்தமுறை அங்கே போனால் நிறத்தை விட்டுவிட்டு, மரம் கல்லைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே ஈரம் தேங்கவில்லையென்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது.