புது போன்சாய் வாங்கியதும் கத்தரியை எடுக்காதீர்கள்

போன்சாய் வாங்கிப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதுல எதை வெட்டணும்?" இப்போதைக்கு எதையும் வெட்ட வேண்டாம். மரத்தின் முகப்பு எது என்று முதலில் தேடுங்கள். அதற்காகச் செய்கிற வேலைகளிலேயே மரம் பிழைப்பதற்குத் தேவையான பராமரிப்பு பாதி முடிந்துவிடும்.

ஜப்பானிய வீடுகளில் தொகோனோமா என்கிற மாடத்தில் போன்சாயை வைப்பார்கள். மாடத்துக்கு மூன்று பக்கம் சுவர், பார்ப்பவர் ஒரே பக்கத்திலிருந்துதான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கும்போது எந்தப் பக்கம் மரம் முழுமையாகத் தெரிகிறதோ அதுதான் முகப்பு. பிறகு எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். முகப்பு தெரியாமல் வெட்டினால், நாளைக்கு வேண்டிய கிளையையே இன்று வெட்டிவிடுவீர்கள்.

நம் ஊர் நர்சரிகளில் போன்சாய் என்று அதிகம் விற்பது ஜின்செங் ஃபைகஸ், ஆல மரத்தின் இனம். கிழங்கு போலப் பருத்த வேர்களை மண்ணுக்கு மேலே தெரியும்படி வளர்த்து, உச்சியில் சிறிய இலை கொண்ட ரகத்தை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். உங்களிடம் இருப்பதும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

பரிசுப்பொருளாக விற்கும் தொட்டிகள் பலவற்றில் மேலே கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வண்டியில் வரும்போது மண் சிந்தக்கூடாது என்பதற்காகச் செய்வது. அதை வீட்டிலும் அப்படியே விட்டுவைப்பதால் எத்தனையோ மரங்கள் வீணாகப் போகின்றன. ஊற்றுகிற தண்ணீர் கல்லின் மேலேயே ஓடி ஓரமாக வழிந்துவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். தொட்டியைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல நெம்பிக் கற்களை எடுத்துவிடுங்கள். அப்படியே தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி என்றால் அதில் ஒரு வாரம்கூட விட வேண்டாம். மண் கட்டியைக் கலைக்காமல் ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கல் போன பிறகு, மேல்மண்ணைப் பழைய பல்துலக்கியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் தெரியும். அதைத்தான் நெபாரி என்பார்கள். முகப்பைத் தேடுவது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நுண்வேர்கள் தென்பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இனி மரத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலேயிருந்து குனிந்து பார்த்தால் எல்லா மரமும் புதராகத்தான் தெரியும். அடிப்பகுதி எந்தப் பக்கம் அகலமாகத் தெரிகிறது? அடிமரத்தின் வளைவு எந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது? உச்சி பார்ப்பவரை நோக்கி ஒரு துளி சாய்ந்திருந்தால் நல்லது, பின்னால் சாய்ந்தால் மரம் நம்மைவிட்டு விலகுவது போல இருக்கும். தடித்த வேரோ கிளையோ நேராக நம் கண்ணைக் குத்துவது போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் சரிவராது. பின்னால் போகும் கிளை ஒன்றாவது இருக்க வேண்டும். அது இல்லாத மரம் தட்டையாகிவிடும். ஜின்செங் வகையில் ஒட்டுத் தழும்பு எந்தப் பக்கம் குறைவாகத் தெரிகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் ஒரே பக்கத்தில் சேர்ந்து அமைவது அபூர்வம். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் கிளையை விட்டுக்கொடுங்கள், வேரையும் அடிமரத்தையும் அல்ல. ஃபைகஸ் பழைய மரத்திலிருந்தும் துளிர்க்கும், கிளையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். அடிமரத்தின் வடிவத்தை அப்படி மாற்ற முடியாது.

இலைக்கூட்டம் கண்ணை மயக்கினால், நான்கு பக்கமும் செல்போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள், உருவம் மட்டும் தனியாகத் தெரியும். பிடித்த பக்கத்துக்கு நேரே தொட்டி ஓரத்தில் ஒரு பல்குச்சியைச் செருகிவையுங்கள். தொட்டியின் நீளமான பக்கம் வேறு திசையில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். விற்பனைக்கு நட்டவர் முகப்பு பார்த்து நட்டிருக்க மாட்டார்.

சரி, தொட்டி மாற்றும்வரை மரத்தை எங்கே வைப்பது? ஃபைகஸ் வெளிச்சத்தில் வாழும் மரம். வரவேற்பறை மேஜையில், ஏசி காற்றுக்கு நேரே வைத்தால் நாளடைவில் மெலிந்துபோகும். காலை வெயில் விழும் பால்கனி போதும். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த மரத்தை ஒரேயடியாக மொட்டை மாடி வெயிலில் வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

இடம் மாறியதும் இலைகள் மஞ்சளாகி உதிரும். பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வேர் அழுகிவிடுகிறது. கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. இலை குறைந்த மரத்துக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டும். மேல்மண்ணை விரலால் தொட்டு, ஈரம் வற்றத் தொடங்கியிருந்தால் மட்டும் அடி ஓட்டை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். சென்னை மே மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட தேவைப்படும், மழைக்காலத்தில் சில நாள் தேவையே இருக்காது. கிழமை வைத்து ஊற்றுவது வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். மழை பெய்யும்போது மரத்தை வெளியே நனையவிடுங்கள், உப்பு கழுவிக்கொண்டு போகும்.

கிளையை வளைக்கக் கம்பி சுற்றியிருந்தால், வாங்கிய அன்றைக்கே அதைப் பாருங்கள். ஃபைகஸ் வேகமாகப் பருக்கும், கம்பி பட்டைக்குள் புதைந்த தழும்பு ஆறப் பல வருடம் ஆகும். கம்பியைச் சுற்றி அவிழ்க்காமல், கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். ஒட்டுக்குக் கீழே பருத்த வேரிலிருந்து பெரிய இலையோடு துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள். வெட்ட வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு, விட்டால் மேலே இருக்கும் ஒட்டை அது பின்தள்ளிவிடும். உரம், புதுத் துளிர் வந்த பிறகுதான்.

அப்புறம், தொட்டி மாற்றுவது. மரம் நன்றாகத் துளிர்த்து ஒரு பருவத்தைக் கடந்த பிறகு, மாசி வாக்கில் செய்யலாம், கோடை உச்சத்தில் வேண்டாம். பல்குச்சி காட்டும் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். இத்தனை மாதம் பார்த்ததில் மனம் மாறியிருந்தால் குச்சியை மாற்றிச் செருகுங்கள். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், அந்த முகப்பு நேராக வரும்படி மரத்தைத் திருப்பி, உச்சியை ஒரு துளி முன்னால் சாய்த்து, அடி ஓட்டை வழியாகக் கம்பி விட்டு வேரை அசையாமல் கட்டிவிடுங்கள்.