கிடா வாங்கும் முன் தாயாட்டைப் பாருங்கள்

கடந்த தை மாதத்தில் ஓர் இரவு, பத்தரை மணிக்கு மேல் அழைப்பு வந்தது. கோவில்பட்டி பக்கம் ஒரு பட்டி. கன்னி இனத்து ஆடு ஒன்று சாயங்காலத்திலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, குட்டியின் தலை மட்டும் தெரிகிறது என்றார் ஆட்டுக்காரர். போய்ப் பார்த்தேன். தலையீற்று ஆடு, 25 கிலோகூட இருக்காது. வயிற்றில் இருந்தது போயர் என்னும் பெரிய வெளிநாட்டு இனக் கிடாவுக்குத் தரித்த ஒற்றைக் குட்டி. முன்னங்கால்கள் இரண்டும் பின்னால் மடங்கியிருந்தன. ஒரு மணி நேரம் போராடி வெளியே எடுத்தபோது குட்டிக்கு உயிர் இல்லை. தாய் பிழைத்துக்கொண்டது. அந்த மாதத்தில் அதே பட்டியில் இப்படிச் செத்த மூன்றாவது குட்டி அது.

அந்தக் கிடாவுக்கு அவர் கொடுத்த பணத்தில் பத்துப் பதினைந்து நல்ல தாயாடுகள் வாங்கியிருக்கலாம். கிடாவின் எடையை மட்டும் சொல்லி விற்றிருக்கிறார்கள். அதை எந்த ஆட்டோடு சேர்க்கலாம், எதோடு சேர்க்கக் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போயர் தென்னாப்பிரிக்காவில் இறைச்சிக்காகவே தேர்ந்து உருவாக்கிய இனம். வெள்ளை உடல், செம்பழுப்புத் தலை, தொங்கும் காது. நன்கு வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். நம் கன்னி ஆடும் சேலம் கருப்பும் 30 கிலோவை ஒட்டியவை. உடலளவில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது தலையீற்று ஆட்டைப் பெரிய கிடாவிடம் விடுவது ஆபத்து. குறைந்தது இரண்டு முறை சிக்கலின்றி ஈன்ற, உடல் தேறிய ஆடுகளை மட்டும் அதனிடம் விடுங்கள். இளம் ஆடுகளுக்கு அதே இனத்துக் கிடா போதும்.

இனக்கலப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கறிக்கு வளர்க்கும் பண்ணையில் அதனால் நல்ல லாபம் உண்டு. வேறுபட்ட இரண்டு இனங்கள் சேரும்போது முதல் தலைமுறைக் குட்டி துடிப்பாக இருக்கும், வேகமாக எடை போடும். இதுதான் கலப்பு வீரியம். வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதிரிலிருந்து அடுத்த பட்டத்துக்கு யாரும் விதை எடுப்பதில்லை. ஆட்டில் மட்டும் எடுக்கிறோம்! கலப்புக் கிடாக்குட்டி அழகாக இருக்கிறதென்று அதையே பொலிகிடாவாக நிறுத்துகிறோம். கலப்போடு கலப்பு சேர்ந்தால் முதல் தலைமுறையில் கிடைத்த வீரியத்தில் பாதி போய்விடும். குட்டிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கொழுத்திருக்கும், ஒன்று வற்றிக் கிடக்கும். கலப்புக் கிடாக்குட்டிகள் அத்தனையும் விற்பனைக்குத்தான். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

இப்போது தாயாட்டுக்கு வருகிறேன். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. ஈற்றுக்கு இரண்டு குட்டி போடும் இருபது ஆடுகள் அந்தக் காலத்தில் 120 குட்டி தரும். ஒற்றைக் குட்டி போடுபவை 60 தரும். ஒரு குட்டிக்கு மூன்று, நான்கு கிலோ கூடுதல் எடை வந்தாலும் அந்த 60 குட்டி இழப்பை ஈடுகட்டாது. வெயில், குடற்புழு, மானாவாரி மேய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கி, குட்டிக்குப் பாலும் கொடுக்கும் தாய் கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈரப்பதம் மிகுந்த சூழலில் இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிக்கோ, ஸ்பானிஷ் என்ற இன ஆடுகளைவிடப் போயர் தாயாடுகள் இனப்பெருக்கத்திலும் உடல்நலத்திலும் பின்தங்கின. அதனால் போயர் பெட்டைகளைக் கூட்டமாக வாங்கிப் பண்ணை தொடங்குகிறேன் என்பவர்களிடம் நான் கண்டிப்பாகவே மறுத்துச் சொல்கிறேன்.

தென் மாவட்டக் கரிசலில் கன்னி ஆடும் கொடி ஆடும், சேலம், தருமபுரி பக்கம் சேலம் கருப்பும் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் வளர்ந்தவை. கொட்டிலில் கட்டிப் போட்டு வளர்ப்பதானால் தலைச்சேரி ஆடு நல்ல தாய். இரட்டைக் குட்டிக்குப் பேர்போனது. ஜமுனாபாரி உயரத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறையப் பேர். அது பாலுக்கும் பெயர் பெற்ற இனம். இரட்டைக் குட்டியை அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நிறத்தையும் யோசியுங்கள். கருப்பசாமிக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிட மாசு மறுவில்லாத கருங்கிடா கேட்டு வருகிறவர்கள் எடையைப் பார்த்து விலை பேசுவதில்லை. கலப்பில் நிறம் கலைந்தால் அந்தச் சந்தை கைவிட்டுப் போகும். ஆகவே மந்தையில் பாதியையாவது சொந்த இனத்துக் கிடாவோடு சேர்த்து, அடுத்த தலைமுறைப் பெட்டைகளை அதிலிருந்து எடுங்கள். மீதியை மட்டும் கலப்புக்கு ஒதுக்குங்கள். கன்னியும் சேலம் கருப்பும் தூய்மையாக நம் பட்டிகளில் நிற்கும் வரைதான் கலப்புக்கே தாய் கிடைக்கும்.

கிடாவைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இரட்டையில் பிறந்ததா, விதைகள் இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்கின்றனவா, கால்கள் நேராக ஊன்றுகின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். புரூசெல்லா நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். வீட்டுக்கு வந்த கிடாவை மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே மந்தையில் விடுங்கள். இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். அதற்குப் பிறந்த பெட்டைகள் பருவத்துக்கு வரும் முன் கிடாவை மாற்றிவிடுங்கள்.

அந்தக் கோவில்பட்டிக்காரர் இப்போது போயர் கிடாவைத் தனிக் கொட்டிலில் கட்டியிருக்கிறார். மூன்று ஈற்று கண்ட ஒன்பது ஆடுகள் மட்டும் அதனோடு சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த தேதியை நோட்டில் எழுதி, ஐந்தாம் மாதம் எப்போது முடிகிறது என்று எனக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.