‘தண்ணீர் ஊற்றினால் போதும்’ என்று ஓட்டிக் கெடுத்த இன்ஜின்கள்

கோடை சீசன் தொடங்கிவிட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் கொதித்து நின்றுபோன கார்கள் இழுவை வண்டியில் ஏற்றப்பட்டு எங்கள் பட்டறைக்கு வந்து சேர்வது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் கடந்த வாரம் வந்த காரைத் திறந்து பார்த்த பிறகு, இதை எழுதாமல் அடுத்த வண்டியில் கை வைக்க மனம் வரவில்லை. வாங்கி நான்கு ஆண்டுகள்கூட ஆகாத கார் அது. இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் கீழ் ஓஸில் (ரப்பர் குழாயில்) விழுந்திருந்த சிறு வெடிப்புதான் மொத்தக் கோளாறும். கல்லாறு தாண்டியதும் வெப்பமானி முள் ஏறியதை உரிமையாளர் பார்த்திருக்கிறார்; நிறுத்தியும் இருக்கிறார். நிறுத்தித் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் ஏறி, மறுபடி நிறுத்தி, மறுபடி ஊற்றி, பர்லியாறு வரை இப்படியே கொண்டுபோயிருக்கிறார். அங்கே இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. சில நூறு ரூபாய் ஓஸுக்காக இப்போது ஹெட் (இன்ஜினின் மேல்பாகம்), அதனடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், பிஸ்டன் என்று லட்சத்தைத் தொடும் செலவு நிற்கிறது. “தண்ணி ஊத்திக்கிட்டேதானுங்கண்ணா வந்தேன்” என்று அவர் சொன்னபோது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததுதான் பிரச்சினையே.

கூலன்ட், அதாவது ரேடியேட்டருக்கான குளிர்விப்புத் திரவம், குளிர் நாட்டுக்காரர்களுக்கானது, ரேடியேட்டரில் பனி உறையாமல் இருப்பதற்காக அவர்கள் ஊற்றுவது, நம் ஊர் வெயிலுக்குக் குழாய்த் தண்ணீரே தாராளம் என்ற எண்ணம் படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரிடமும் இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது என்பது சரி. அது நமக்குத் தேவையில்லை என்பதும் சரி. ஆனால் அதே கலவை கொதிநிலையையும் உயர்த்துகிறது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் 107 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே கட்டி வைத்திருக்கும் அழுத்தத்தையும் சேர்த்தால், வெறும் தண்ணீர் 120 டிகிரி வரையிலும் கலவை 130 டிகிரியை ஒட்டியும் தாக்குப்பிடிக்கும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில் மலை ஏறும்போது அந்தப் பத்து டிகிரிதான் உங்களுக்கும் இழுவை வண்டிக்கும் இடையே இருக்கிறது. ஆகவே வெயில் ஊருக்குக் கூலன்ட் வேண்டாம் என்பது தலைகீழான பேச்சு. வெயில் ஊருக்குத்தான் அது அவசியம்.

இதைவிட முக்கியமான காரணம் துரு. கூலன்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள்தாம் இன்ஜினுக்குள் ஓடும் நீர்ப்பாதையைப் பல ஆண்டுகள் சுத்தமாக வைத்திருக்கின்றன. அந்தக் காலத்து அம்பாசடர் காருக்கு பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். வாய்க்கால் தண்ணீரை ஊற்றினாலும் அது பொறுத்துக்கொண்டு ஓடியது. அடைத்துக்கொண்டால் ரேடியேட்டரைக் கழற்றிக் குச்சி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, ஓட்டை இருந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து மாட்டிவிடுவார்கள். அந்த வண்டிகளை ஓட்டிய தலைமுறை சொல்லிக்கொடுத்த பழக்கத்தை, அலுமினிய ஹெட்டும் அலுமினிய ரேடியேட்டரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்ட இன்றைய காரிடம் காட்டக் கூடாது. அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. அறிவுரை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ஓராண்டு, இரண்டாண்டு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் மலையில் தெரியும்.

கேன் தண்ணீர் ஊற்றலாமா, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிநீருக்காகச் சுத்திகரித்த தண்ணீரில் உப்புகள் குறைந்திருக்குமே தவிர, முழுவதும் நீங்கியிருக்காது. அடர் கூலன்டில் கலப்பதற்கு, பேட்டரி தண்ணீர் என்ற பெயரில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள்; அதன் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பேட்டரி ஆசிட் கேனை எடுத்துவந்துவிடாதீர்கள். கலக்கும் தொல்லையே வேண்டாமென்றால் கலந்து விற்பதை அப்படியே ஊற்றலாம். கலந்ததா கலக்காததா என்பது கேனின் மேல் எழுதியிருக்கும், படித்துவிட்டு ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொன்றின் பச்சையும் வேறு வேறு மருந்தாக இருக்கலாம். காருடன் தந்த கையேட்டில் எந்த வகை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது இருக்கிறது. அந்தப் புத்தகம் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு டாஷ்போர்டு அறைக்குள்ளேயே கிடப்பதைத்தான் நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாதா என்றால், ஊற்றலாம். இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகச் செல்வதற்காக மட்டும், கசிவு சிறிதாக இருந்தால் மட்டும் ஊற்றலாம். போய்ச் சேர்ந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்பச் சொல்ல வேண்டும். ஓட்டை வழியே ஒழுகிக்கொண்டே இருக்க, மேலே ஊற்றிக்கொண்டே மலை ஏறுவது அவசர உதவி ஆகாது.

இனி, முள் ஏறும்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வழக்கமான இடத்திலிருந்து முள் மேலே நகரத் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்துங்கள். வசதி இருந்தால் ஹீட்டரை முழு அளவில் வைத்து ஃபேனை வேகமாக ஓடவிட்டு, ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள்; வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். இதெல்லாம் பாதுகாப்பான ஓரமாக ஒதுங்குவதற்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் மட்டுமே. முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, முள்ளே இல்லாத காரில் சிவப்பு வெப்ப விளக்கு எரிந்துவிட்டாலோ, அந்த வளைவு தாண்டட்டும், அந்த டீக்கடை வரட்டும் என்று பேச்சே இல்லை. ஒதுங்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அணைத்த பிறகு கை சும்மா இருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரின் மூடியைப் பிடுங்குவதற்குச் சமம். துணி போட்டுத் திறக்கிறேன், மெதுவாகத் திறக்கிறேன் என்று சொல்லி முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். மேல் ஓஸை அழுத்திப் பார்த்து அது தளர்வாகவும் கை தாங்கும் சூட்டிலும் இருந்தால்தான் மூடிப் பக்கமே போக வேண்டும். பாட்டில் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜின் மேல் ஊற்றிக் குளிரவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேலே ஏறிய முள் திடீரென்று தானாகக் கீழே இறங்கினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று மகிழ்ந்து வேகத்தைக் கூட்டுகிறார்கள். வெப்ப உணரி கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றையும் ஆவியையும் அளந்து முள்ளைக் கீழே இறக்கிவிடும். அதாவது முள் விழுவது, சில வேளைகளில், இன்ஜினுக்குள் ஒரு சொட்டுகூட இல்லை என்பதன் அறிகுறி. இதேபோல ஏ.சி. திடீரென்று வெறும் காற்றை வீசத் தொடங்குவதும் ஓர் எச்சரிக்கை. சூடு மிகும்போது பல கார்களின் கணினி முதலில் ஏ.சி. கம்ப்ரஸரைத்தான் துண்டிக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் ஏ.சி. மெக்கானிக்கிடம் போய்க் கேஸ் நிரப்பிக்கொண்டு, மறுநாள் எங்களிடம் ஹெட் வேலைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே சூடாகிறது என்பதைக் கவனித்து வந்து சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். நெரிசலிலும் சிக்னலிலும் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கிவிட்டால், பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன், அதன் மோட்டார் அல்லது ரிலேயில்தான் கோளாறு இருக்கும். மாறாக, நகருக்குள் நன்றாக ஓடிய வண்டி வேகத்திலோ ஏற்றத்திலோ சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு) என்று தேடுவோம். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல் பிசுக்கு இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சூடாகிறது என்று வரும் வண்டியில் காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “நம்ம ஊருக்கு இது வேண்டாங்க” என்று சொல்லி அனுப்பும் பழக்கம் எப்போது நிற்கும்? அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. ஆயிலில் கசடு சேர்கிறது. உண்மையான கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பது அது தாங்கும் அழுத்தம்; தொலைந்துபோன மூடிக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததை மாட்டி அனுப்புவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடச் சொல்வதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஓட்டை அடைபடுகிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் குழாய்கள் அடைபடும்.

மலைப் பயணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் தொட்டியில் கூலன்ட் இரு கோடுகளுக்கும் இடையே இருக்கிறதா என்று பாருங்கள். ஓஸ்களை விரலால் அழுத்துங்கள். நொறுநொறுப்பாகவோ கொழகொழவென்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். முன்புறக் கிரில்லில் வலை, கொடி, பேனர் எதையும் கட்டாதீர்கள். காற்று போக வேண்டிய வழி அது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே போகும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்தத்தைப் பிடிக்காத காரில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஏறுபவர் இதை யோசித்துக்கொள்ளட்டும். ஏறும்போது உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கி ஓட்டினால் வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.

தயவுசெய்து இன்னொன்றையும் கேளுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும் நஞ்சு. மிச்சத்தை டீ டம்ளரிலோ குடிநீர் பாட்டிலிலோ வைக்காதீர்கள், வாசலில் வடித்துவிடாதீர்கள். குழந்தை நக்கினாலும் நாய் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும்.

வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரக் கோளாறுக்குப் பணம் தருவதில்லை; சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிய வண்டிக்கு உத்தரவாதமும் கிடைப்பது கடினம். அந்தப் பயத்தில்தான் பலர் எங்களிடமும் கதை மாற்றிச் சொல்கிறார்கள். முள் ஏறிய பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள், எத்தனை முறை தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். உடனே நிறுத்தியிருந்தால் ஓஸை மாற்றி, பிரஷர் வைத்துச் சோதித்து அன்றைக்கே அனுப்பிவிடலாம். ஓட்டியிருந்தால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்க வேண்டும். இரண்டில் எது என்பது ஹெட்டைத் திறந்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும். முன்பே சொன்னால் வீணாகும் ஒரு நாளும் அதற்கான கூலியும் உங்களுக்குத்தான் மிச்சம்.