குழந்தை ஃப்ராக்கில் பெல்ட்டின் வால் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

புதுநன்மை (பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா) சீசன் வந்தால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முளகுமூடு, தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் தையல் கடைகளில் வெள்ளை சாட்டின்தான். தைக்கக் கொடுக்கும் அம்மாமார் பலரும் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்வார்கள்: "அக்கா, பின்னால கட்டுற பெல்ட்டுக்கு வால் நல்லா நீளமா தொங்கணும், போட்டோல தெரியணும்." அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித் தைத்துக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

கோயில் முடிந்ததும் அந்தப் பிள்ளை எதில் வீட்டுக்குப் போகும்? பெரும்பாலும் அப்பாவின் பைக்கில். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஒரு முழம் சாட்டின் பறந்து பின்சக்கரத்தில் சுற்றினால் பிள்ளையை அப்படியே இடுப்போடு இழுத்துவிடும். துப்பட்டாவுக்குப் பயப்படுகிற நாம் இதை யோசிப்பதில்லை. கோயிலுக்குள்ளே என்றால் மெழுகுதிரி. வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளையின் கையில் எரியும் திரி, முன்னால் நிற்பவளின் பெல்ட் வாலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நாம் வாங்கும் சாட்டின் அநேகமாக பாலியெஸ்டர். தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் கீழே நெட் வேறு.

ஐரோப்பாவில் குழந்தைகள் உடுப்புக்கென்றே இஎன் 14682 என்று ஒரு தரவிதி இருக்கிறது. அதன்படி சிறு பிள்ளைகளின் உடுப்பில் பின்னால் கட்டும் பெல்ட், முடிச்சுப் போடும் இடத்திலிருந்து 36 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது, அவிழ்ந்தாலும் உடுப்பின் கீழ் ஓரத்தைத் தாண்டித் தொங்கக்கூடாது. 36 செ.மீ. என்றால் சுமார் 14 இஞ்ச். அதை வைத்துக் கட்டினால் பெரிய 'போ' (பட்டாம்பூச்சி மாதிரி வரும் ரிப்பன் முடிச்சு) வராது, சரிதான். அதனால்தான் கட்டுகிற பெல்ட்டே வேண்டாம், போவைத் தனியாகத் தைத்து வைத்துவிடலாம் என்கிறேன்.

இப்படிச் செய்யுங்கள். இடுப்புச் சுற்றளவோடு ஒன்றரை இஞ்ச் கூட்டி, துணியின் நேர் இழையில் (கரைக்கு இணையாக) 6 இஞ்ச் அகலம் வெட்டினால், இரண்டாக மடித்து அரை இஞ்ச் தையல் விட்டுத் திருப்பும்போது இரண்டரை இஞ்ச் பட்டி கிடைக்கும். கிராஸாக, அதாவது சாய்வாக வெட்டாதீர்கள், இழுபட்டுச் சுருங்கி கயிறு மாதிரி ஆகிவிடும். உள்ளே மெல்லிய கேன்வாஸ் (விறைப்புக்காக இஸ்திரி போட்டு ஒட்டும் உள்துணி) ஒட்டுங்கள். சாட்டினில் நேரடியாக இஸ்திரி வைத்தால் பளபளப்புக் கெடும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். போவைத் தனியாக மடித்து நடுவில் சுருக்கி, குட்டையாக ஏழெட்டு இஞ்சில் இரண்டு வால் வைத்து, பட்டியின் ஒரு முனையில் மட்டும் தைக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ராக்கின் பின்பக்கம் ஜிப் இருக்கிறது. மறுமுனை போவுக்கு அடியில் பிரஸ் பட்டனில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலிலும் நூலால் சின்ன லூப் போட்டால் பட்டி கீழே இறங்காது.

பிரஸ் பட்டன்தான் வைக்க வேண்டும். பேண்டுக்கு வைக்கிற இரும்புக் கொக்கி பலமாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். எங்கேயாவது சிக்கி இழுபட்டால் பெல்ட் உடனே கழன்று வரணும், கொக்கி வைத்தால் விடாது. சேஃப்டி பின்னும் வேண்டாம், ஓடுகிற பிள்ளைக்குக் குத்தும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் வாலே வைக்காமல் சின்னப் போ மட்டும் போதும், பிரஸ் பட்டனை வாயில் வைத்துவிடாதபடி இறுக்கித் தையுங்கள்.

வெள்ளை ஃப்ராக்குக்குச் சிவப்பு, நீலம் என்று கலர் பெல்ட் வைப்பதாக இருந்தால், முதலில் ஒரு வெட்டுத்துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். வியர்வையிலேயே சாயம் இறங்குகிற துணி கடையில் நிறைய விற்கிறது.

நீள வால் வைத்த ஃப்ராக்கை ஏற்கெனவே ரெடிமேடாக வாங்கிவிட்டீர்களா? வண்டியில் ஏறும் முன் பெல்ட்டை அவிழ்த்துப் பையில் வைத்துவிடுங்கள். அவிழ்க்க வராமல் பக்கத் தையலோடு சேர்த்துத் தைத்திருந்தால், அருகில் இருக்கிற தையல் கடையில் கொடுத்து வாலை வெட்டி ஓரம் அடித்து வாங்குங்கள், சின்ன வேலைதான்.